நெல் இலைக்கருகலுக்கு ஃபேஜ்: ஒரு செண்டில் தொடங்கும் வழி

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சம்பா நெல்லில் ஐப்பசி, கார்த்திகை மழை அடித்து ஓய்ந்ததும் இலை நுனி மஞ்சளாகி, ஓரம் அலை அலையாகக் காய்ந்து இறங்கும். இதுதான் பாக்டீரியாவால் வரும் இலைக்கருகல் நோய். மருந்துக் கடையில் கேட்டால் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த சிறு பாக்கெட்டையும், கூடவே காப்பர் ஆக்சிகுளோரைடையும் எடுத்துக் கொடுப்பார்கள். மனிதருக்கான ஆன்டிபயாடிக்கை வயலில் தெளிப்பதற்கு முடிவு கட்ட, அந்தக் கலவையைத் தடை செய்யும் வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. அதற்குப் பதிலாக என்ன என்று தேடுகிறவர்கள் காதில் விழும் பெயர்களில் ஒன்று ஃபேஜ், அதாவது பாக்டீரியாவை மட்டும் தாக்கிப் பெருகும் வைரஸ்.

இது புது யோசனை அல்ல. 1915இல் டுவார்ட்டும் 1917இல் டெரெல்லும் ஃபேஜைக் கண்டறிந்தார்கள். 1924இலேயே அமெரிக்காவில் அழுகிய முட்டைக்கோஸிலிருந்து வடித்த சாறு, அந்த அழுகலுக்குக் காரணமான பாக்டீரியாவை வளரவிடாமல் தடுத்ததைப் பார்த்தார்கள். 1935இல் மக்காச்சோள விதையை ஃபேஜில் நனைத்து வாடல் நோயைக் குறைத்தார்கள். தக்காளி, மிளகாயின் பாக்டீரியாப் புள்ளிநோய்க்கு 'அக்ரிஃபேஜ்' என்ற தயாரிப்பு 2005இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது. ஆனாலும் அங்கே விற்கும் பாட்டிலை வாங்கி வந்து நம் நெல்லில் தெளித்துப் பயனில்லை. ஒரு ஃபேஜ் ஒரு வகை பாக்டீரியாவை, பல நேரம் அதிலும் சில ரகங்களை மட்டுமே தாக்கும். பாகூர் வயல் கிருமிக்கு ஏற்ற ஃபேஜைப் பாகூர் வயலில்தான் முதலில் தேட வேண்டும்.

உழவர் குழு, வேளாண் மாணவர், சிறிய ஆய்வுக்கூட வசதி உள்ளவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். ஆய்வுக்கூட வசதி இல்லாதவர்கள் அண்ணாமலை நகரில் உள்ள வேளாண் புலத்தின் பயிர் நோயியல் துறை, விருத்தாசலம் அல்லது குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையம், காரைக்கால் வேளாண் கல்லூரி ஆகியவற்றில் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் நோய் அதுதானா?

இலைக்கருகல் என்று தூக்கி வரும் இலைகளில் கணிசமானவை இலைக்கருகலாக இருப்பதில்லை. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துருநிறப் புள்ளி வந்தால் துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம். கடலோர வயலில் திட்டுத் திட்டாக நுனி வெளுத்துக் காய்ந்தால் உப்பைச் சந்தேகப்படுங்கள். நரம்புகளுக்கு இடையே ஒளி ஊடுருவும் மெல்லிய கோடுகள் வந்தால் அது பாக்டீரியா இலைக்கீற்று நோய். அதுவும் பாக்டீரியாதான், ஆனால் வேறு உட்பிரிவு. கருகலுக்கு எடுத்த ஃபேஜ் அதைத் தொடும் என்று நம்பக் கூடாது.

சோதிப்பதற்குச் செலவே இல்லை. காய்ந்த பகுதியும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இரண்டு செ.மீ. துண்டைக் கூரான பிளேடால் வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டு முனை நீரில் அமிழும்படி துண்டைப் பிடித்து, பின்னால் கறுப்புத் துணியை வைத்துப் பாருங்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் வெட்டு முனையிலிருந்து வெள்ளைப் புகை போல மெல்லிய இழை இறங்கி நீர் லேசாகக் கலங்கினால் பாக்டீரியா இருக்கிறது. துண்டு ஆடினால் இழை கலைந்துவிடும், கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். விடியற்காலை பனி காயும் முன் வயலுக்குப் போனால் இலை ஓரத்தில் மஞ்சள் கசிவுத் துளிகளையே பார்க்கலாம். வெயில் ஏறியதும் அவை சிறு மணிகளாகக் காய்ந்துவிடும்.

நட்ட சில வாரத்தில் குத்து முழுவதும் சுருண்டு வாடினால் அது இதே கிருமியின் கடுமையான வடிவம், கிரெசெக் என்பார்கள். குருத்துப்பூச்சி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அடித்தண்டை வெட்டிப் பிதுக்கினால் மஞ்சள் கசிவு வரும். பூச்சி தின்ற தண்டில் அது வராது.

கிருமியைப் பிரிப்பது

ஃபேஜைத் தேட உயிருள்ள கிருமி கையில் வேண்டும், அதற்கு ஊடகம், அதாவது கிருமி வளர்வதற்கான உணவுக் கலவை வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு பெப்டோன் 10 கிராம், சர்க்கரை 10 கிராம், குளூடாமிக் அமிலம் 1 கிராம், கலவையைக் கெட்டியாக்கும் அகார் 15 கிராம், பிஎச் 7.0 முதல் 7.2. இதை 121 டிகிரியில் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் இல்லாத இடத்தில் பிரஷர் குக்கரே போதும், ஆனால் முதல் விசிலுக்குப் பிறகு அடுப்பைக் குறைத்து 30 நிமிடம் வையுங்கள். அகார் போடாவிட்டால் அதே கலவை திரவ ஊடகம். 6 கிராம் மட்டும் போட்டால், பின்னால் ஃபேஜைப் பார்க்கும் தட்டில் மேலடுக்காக ஊற்றும் மெல்லிய அகார்.

நோய் விளிம்புத் துண்டை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் நனைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். ஒரு துளி நீரில் நறுக்கிப் பத்து நிமிடம் விட்டு, அந்தத் துளியை, ஊடகம் ஊற்றி ஆறவிட்ட பெட்ரி தட்டில் கோடிழுத்து 28 டிகிரியில் வையுங்கள். பொறுமை இங்கேதான் வேண்டும். இலைக்கருகல் கிருமி மெதுவாக வளரும். வட்டமான, வழவழப்பான, வெளிர் மஞ்சள் புள்ளிகள் தெரிய மூன்று நாள் ஆகும். மறுநாளே பளிச்சென்று மஞ்சளாகத் தட்டை நிரப்பி நிற்பது இலைமேல் வாழும் வேறு பாக்டீரியா. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அதையே எடுத்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் தவறான கிருமிக்கு ஃபேஜ் தேடுவார்கள். 24 மணி நேரத்தில் முளைப்பதைப் பேனாவால் வட்டமிட்டு ஒதுக்கிவிடுங்கள்.

உறுதிப்படுத்தக் கத்தரிக்கோல் முறை இருக்கிறது. கிருமி கலந்த நீரில் கத்தரிக்கோலை நனைத்து, நோய் தாங்காத ரகத்தின் (பிபிடி 5204 எளிதில் கிடைக்கும்) இலை நுனியைத் தொட்டியில் வெட்டுங்கள். 14 நாளில் வெட்டிய இடத்திலிருந்து கருகல் கீழே நீண்டால் எடுத்தது சரி. வெறும் நீரில் நனைத்து வெட்டிய இலை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

பத்துப் பதினைந்து கிருமி மாதிரிகளாவது வெவ்வேறு ஊர்களிலிருந்து சேருங்கள்: காட்டுமன்னார்கோவில், புவனகிரி, பாகூர், திருக்கனூர் என்று உங்கள் சுற்றுவட்டத்துக்குள். வேறு மாவட்டத்துக் கிருமியைக் கொண்டுவந்து இங்கே வளர்க்க வேண்டாம், புது ரகத்தை நாமே குடியேற்றியதாகிவிடும். ஆய்வு முடிந்த தட்டுகளை மீண்டும் குக்கரில் வேகவைத்த பிறகுதான் குப்பையில் போட வேண்டும்.

வயல் நீரிலிருந்து ஃபேஜ்

கிருமி நிறைய இருக்கும் இடத்தில்தான் அதைத் தின்பதும் நிறைய இருக்கும். ஜப்பானில் வாய்க்கால் நீரில் இந்த ஃபேஜின் எண்ணிக்கையை அளந்தே இலைக்கருகல் வருமா என்று முன்கூட்டிச் சொன்னார்கள். ஆகவே நோய் முற்றிய வயலின் தேங்கிய நீரில் 50 மி.லி., வேர்ப்பகுதிச் சேறு 10 கிராம், நோயுற்ற இலை ஒரு பிடி எடுத்து, பையில் வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். கிருமிநாசினி தெளித்து ஒரு வாரம் ஆகாத வயலை விட்டுவிடுங்கள்.

இலையையும் சேற்றையும் அந்த நீரிலேயே கலக்கி ஒரு மணி நேரம் தெளியவிட்டு, வடிதாளில் வடித்து, 0.22 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டியில் செலுத்துங்கள். சேற்று நீரை நேரே செலுத்தினால் இரண்டு மி.லி.யிலேயே வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வடிநீர் 10 மி.லி., இரட்டிப்பு வலிமையில் காய்ச்சிய திரவ ஊடகம் 10 மி.லி., நன்றாக வளர்ந்த கிருமித் திரவம் 1 மி.லி. சேர்த்து 28 டிகிரியில் இரண்டு நாள் குலுக்கியில் வையுங்கள். மூன்று நான்கு கிருமி மாதிரிகளைக் கலந்து போட்டால் வாய்ப்பு கூடும். பிறகு மீண்டும் வடிகட்டுங்கள்.

இப்போது ஃபேஜ் இருக்கிறதா என்று பார்க்கும் தட்டு. கீழே கெட்டி அகார் ஊற்றி ஆறவிட்ட தட்டு. மேலே, 45 டிகிரியில் உருகிய நிலையில் உள்ள மெல்லிய அகார் 4 மி.லி.யில் கிருமி 0.1 மி.லி., வடிநீர் 0.1 மி.லி. சேர்த்து உடனே ஊற்றிப் பரப்ப வேண்டும். 50 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் கிருமி செத்துத் தட்டு வெறுமையாகும். ஆறிவிட்டால் கட்டி கட்டியாக விழும். கன்னத்தில் குழாயை வைத்தால் வெதுவெதுப்பாக இருப்பதே அளவு. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, பால் படிந்த கண்ணாடியில் மழைத்துளி விழுந்தாற்போல் கிருமிப் படலத்தின் நடுவே வட்ட வட்டமாகத் துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையும் ஒரு ஃபேஜிலிருந்து பெருகிய கூட்டம். இதைப் பிளேக் என்பார்கள்.

துளையைக் கவனித்துப் பாருங்கள், தேர்வு இதில்தான் இருக்கிறது. ஓரம் தெளிவாக, அடித்தட்டு தெரியும் அளவுக்குச் சுத்தமான துளைதான் வேண்டும். மங்கலான துளை என்றால் அந்த ஃபேஜ் கிருமியைக் கொல்லாமல் அதன் மரபணுவுக்குள்ளேயே பதுங்குவதாக இருக்கலாம், அல்லது இழை போன்ற வகையாக இருக்கலாம். இழை வகை கிருமியைக் கொல்லாமலே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். கத்தரி, தக்காளி வாடல் கிருமியில் இழை ஃபேஜ் ஒன்று தொற்றியபின் நோயின் வேகம் கூடியதே பதிவாகியிருக்கிறது. துளை மங்கலாக இருந்தால், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல துளை ஒன்றைக் கிருமி நீக்கிய ஊசி முனையால் குத்தி எடுத்து, ஒரு மி.லி. கரைசலில் போட்டு, மீண்டும் தட்டில் ஊற்றுங்கள். இதை மூன்று முறை செய்தால்தான் ஒரே வகை ஃபேஜ் என்று சொல்ல முடியும். கரைசலுக்கு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 5.8 கிராம், மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், பிஎச் 7.5 உள்ள ஒரு மோலார் டிரிஸ் (பிஎச் மாறாமல் காப்பது) 50 மி.லி. போதும். மெக்னீசியம் விட்டுப்போனால் பல ஃபேஜ்கள் நாளடைவில் செயலிழக்கும்.

எந்த ஃபேஜ், எத்தனை

சேர்த்து வைத்த ஒவ்வொரு கிருமியையும் தனித்தனித் தட்டில் படலமாக்கி, ஒவ்வொரு ஃபேஜையும் 5 மைக்ரோ லிட்டர் சொட்டாக வையுங்கள். எந்த ஃபேஜ் எத்தனை ஊர்க் கிருமியைத் தாக்குகிறது என்று அட்டவணை போடலாம். சொட்டு வைத்த இடம் தெளிந்துவிட்டது என்பதற்காக உடனே டிக் அடிக்க வேண்டாம். ஃபேஜ் மிக அடர்த்தியாக இருந்தால் உள்ளே பெருகாமலே கிருமியின் சுவரை உடைத்துவிடும். பத்துப் பத்து மடங்காக நீர்த்து வைத்தபோதும் தனித்தனித் துளை வந்தால்தான் கணக்கு.

ஒற்றை ஃபேஜை நம்பி வயலுக்குப் போவது வீண். தட்டை ஐந்தாறு நாள் விட்டுவைத்தால் துளையின் நடுவிலேயே எதிர்ப்புக் கிருமிகள் சின்னச் சின்னதாக முளைப்பதைப் பார்ப்பீர்கள். அவற்றை எடுத்து மற்ற ஃபேஜ்களிடம் சோதியுங்கள். ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று கொன்றால் அந்த இரண்டும் ஒரு கலவையில் சேரத் தகுதியானவை. இப்படி மூன்று நான்கு ஃபேஜ் போதும். சீனாவில் தக்காளி வாடலுக்கு நடந்த ஆய்வில் (2019) ஃபேஜ்களைக் கூட்டாகக் கொடுத்தபோது நோய் 80 சதவீதம் வரை குறைந்தது, கூட்டில் ஃபேஜ் கூடக் கூடப் பலனும் கூடியது.

பெருக்குவதும் கணக்கும்

அரை நாள் வளர்ந்த கிருமித் திரவம் ஒரு லிட்டரில், நூறு கிருமிக்கு ஒரு ஃபேஜ் என்ற விகிதத்தில் சேர்த்து இரவு முழுக்கக் குலுக்குங்கள். கலங்கல் தெளிந்து நுரையும் இழையுமாக நின்றால் வேலை நடந்திருக்கிறது. ஒவ்வொரு ஃபேஜையும் தனித்தனியாகவே பெருக்குங்கள். ஒரே குடுவையில் போட்டால் வேகமானது மற்றதை விழுங்கிவிடும்.

இந்தத் திரவத்தில் சாகாத நோய்க்கிருமி மிச்சம் இருக்கும். அப்படியே தெளித்தால் நோயைத் தெளித்ததாகும். மைய விலக்கியில் சுழற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 0.1 மி.லி.யைத் தட்டில் தேய்த்து நான்கு நாள் பார்த்த பிறகே வயலுக்கு. குளோரோஃபார்மும் பயன்படுத்துவார்கள், ஆனால் காற்றோட்டம் வேண்டும், அது சாதாரண பெட்ரி தட்டின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும், முழுதும் ஆவியாகாமல் போனால் பயிரையும் கருக்கும். வடிகட்டியே நல்லது.

எண்ணிக்கை தெரியாமல் தெளித்தால் எதுவும் தெரியாது. 0.1 மி.லி.யை 0.9 மி.லி. கரைசலில் விட்டுப் பத்து மடங்கு நீர்த்தல், அதிலிருந்து மீண்டும் 0.1 என்று தொடருங்கள். ஒவ்வொரு முறையும் பிப்பெட்டுக்குப் புது முனை மாற்ற வேண்டும். ஏழாவது நீர்த்தலில் 0.1 மி.லி. ஊற்றிய தட்டில் 84 துளை என்றால் 84 × 10 × 10⁷, அதாவது மி.லி.க்கு 8.4 × 10⁹. 30க்குக் குறைவாகவோ 300க்கு மேலோ உள்ள தட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

தெளிக்கும் நீரில் மி.லி.க்கு 10⁸ ஃபேஜ் இருக்க வேண்டும். ஏக்கருக்குத் தெளிக்கும் நீர் 200 லிட்டர் என்றால் மொத்தம் 2 × 10¹³ ஃபேஜ். கையில் உள்ள திரவத்தில் மி.லி.க்கு 10¹⁰ ஃபேஜ் என்றால் 2 லிட்டர் போதும், 10⁹ என்றால் 20 லிட்டர் வேண்டும். சிறு கூடத்தில் ஏக்கர் கணக்கு கட்டுப்படியாகாததற்கு இதுதான் காரணம். ஒரு செண்டுக்குத் தெளிக்கும் நீர் 2 லிட்டர், அதற்கு 10¹⁰ திரவம் 20 மி.லி., அல்லது 10⁹ திரவம் 200 மி.லி. தொடக்கம் அங்கேதான்.

தெளிப்பு

ஃபேஜின் பெரிய எதிரி வெயில். புற ஊதாக் கதிரில் சில மணி நேரத்திலேயே இலைமேல் இருக்கும் எண்ணிக்கை மளமளவென்று சரியும். மாலை ஐந்தரைக்கு மேல், இலை ஈரம் பிடிக்கும் நேரத்தில் தெளித்தால் இரவு முழுக்க அதற்கு வேலை நேரம். பத்து லிட்டர் டேங்குக்குக் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 75 கிராம், சர்க்கரை 50 கிராம் கரைத்துச் சேர்ப்பது வெயிலையும் உலர்வையும் ஓரளவு தாங்க வைக்கும். முழுக் கொழுப்புப் பால்பவுடர் நாசிலை அடைக்கும். எந்தப் பவுடராக இருந்தாலும் முதலில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடித்து, ஆறிய பிறகே டேங்கில் ஊற்றுங்கள். ஃபேஜை எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சேருங்கள்.

குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஃபேஜ் டேங்கிலேயே சாகும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்த நீரோ, உப்பில்லாத போர் நீரோ எடுங்கள். காப்பர் மருந்து அடித்த டேங்கை நன்றாகக் கழுவ வேண்டும், காப்பர் படிந்த இலையிலும் ஃபேஜ் நிலைக்காது. ஆன்டிபயாடிக்கோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று வீணாக்கும், ஃபேஜ் பெருக உயிருள்ள கிருமி வேண்டுமே. 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசல் தெளிக்கிற வழக்கம் உள்ளவர்கள் அதை வேறு பாத்தியில் தனியாகத் தெளியுங்கள், கலக்க வேண்டாம்.

நோய் பாதி இலையைத் தின்ற பிறகு ஃபேஜ் எதையும் மீட்காது. இலைக்குள் குழாய் நரம்பில் புகுந்துவிட்ட கிருமியை இலைமேல் தெளித்த ஃபேஜ் எளிதில் எட்டாது. ஆகவே தூர் கட்டும் பருவத்திலிருந்து வாரம் ஒரு முறை, காற்றோடு மழை எச்சரிக்கை வந்தால் முந்தின மாலையிலும், ஓய்ந்த மாலையிலும் தெளிப்பது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது போன்ற நாளில் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. அந்தக் காயமே கிருமிக்கு வாசல். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தெளிப்பது தாமதம்.

நடவின்போது நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுவதும் இன்னொரு வாசல். ஒரு பகுதி நாற்றின் வேரை 10⁸ ஃபேஜ் நீரில் அரை மணி நேரம் நனைத்து நட்டுப் பார்க்கலாம். நாற்று நுனியைக் கிள்ளி நடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் எந்த ஃபேஜும் சமாளிக்காது.

சோதனைப் பாத்தியை எங்கே வைப்பது

மூன்று பாத்தி வேண்டும்: ஃபேஜும் பாலும், பால் மட்டும், எதுவும் இல்லாதது. பால் மட்டும் பாத்தி இல்லையென்றால் பலன் பாலால் வந்ததா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. நீர் பாயும் திசையைப் பார்த்து, ஃபேஜ் பாத்தியைக் கடைமடைப் பக்கம் வையுங்கள். மேலே வைத்தால் நீரோடு ஃபேஜ் கீழே இறங்கி மூன்றும் ஒன்றாகிவிடும். நடுவே நல்ல வரப்பு, தனித் தனி மடை. ஒவ்வொரு பாத்தியிலும் பத்துக் குத்தைக் குச்சி நட்டு அடையாளமிட்டு, வாரம் ஒரு முறை கருகலின் நீளத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள்.

கத்தரி வாடலுக்கு

பாலூர், நெல்லிக்குப்பம் பக்கத்துக் கத்தரியிலும் தக்காளியிலும் பச்சையாக நிற்கும்போதே சட்டென்று வாடும் நோய்க்கும் இதே வழிதான், சில மாற்றங்களோடு. தண்டை வெட்டி நீரில் தொங்கவிட்டால் சில நிமிடத்தில் பால் இழை இறங்கும். பூஞ்சண வாடலில் இறங்காது. நிறம் காட்டும் டெட்ரசோலியம் சேர்த்த தட்டில் நடுவே இளஞ்சிவப்பாக, ஓரம் வெள்ளையாக வழியும் புள்ளிதான் வீரியமுள்ள கிருமி. இது தட்டிலிருந்து தட்டுக்கு மாற்ற மாற்ற வீரியத்தை இழக்கும், ஆதலால் கிருமி நீக்கிய நீரில் சேமியுங்கள். ஃபேஜைத் தெளிப்பதில்லை, நட்ட அன்றே செடிக்கு 50 மி.லி. வேரடியில் ஊற்றுகிறோம். மண்ணுக்குள் வெயில் பிரச்சினை இல்லை என்பதால் பாலும் தேவையில்லை. முந்திய பயிரில் வாடல் வந்த நிலத்தில் ஃபேஜை மட்டும் நம்பி மீண்டும் கத்தரி வைக்காதீர்கள், இடையில் ஒரு போகம் நெல் போடுங்கள்.

சேமிப்பு

வடித்த திரவத்தைக் கண்ணாடி அல்லது பாலிபுரொப்பிலீன் குப்பியில், அலுமினியத் தாள் சுற்றி, 4 டிகிரியில் வையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து உருகும்போதே எண்ணிக்கை விழும். மாதம் ஒரு முறை எண்ணிப் பார்த்து, குப்பிமேல் தேதியோடு எழுதுங்கள். சொந்த வயலில் சோதிப்பது வேறு, பாட்டிலில் அடைத்து விற்பது வேறு. விற்க 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும்.

அடுத்த சம்பாவில் முதல் கருகல் இலை கண்ணில் பட்டதும் அதிலிருந்து புதிதாகக் கிருமி எடுத்து, பழைய கலவையின் ஒவ்வொரு ஃபேஜையும் சொட்டு வைத்துப் பாருங்கள். துளை விழாத ஃபேஜைக் கலவையிலிருந்து எடுத்துவிட்டு, அதே வயல் நீரில் அதற்குப் பதிலைத் தேடுங்கள்.